ஸ்டீரிங் திருப்புனா 'டொய்ங்', பொங்கோல் (ரோட்டு வேகத்தடை) ஏறி இறங்குனா 'டக்' – 1999 வீரா, முன்னாடி ஸ்பிரிங்கா வேற எதாச்சுமா?

வீரா_மவன் | ஆயர் ஈத்தாம், பினாங்கு | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட காடி (காரு), புரோட்டோன் வீரா 1.5, 1999 மாடல், மேனுவல். மீட்டர் 2,87,000 காட்டுது, நடுவுல ஒரு வருஷம் மீட்டர் கேபிள் அறுந்து கிடந்துச்சு, அதனால உண்மையான கணக்கு கடவுளுக்குத்தான் தெரியும்.

பிரச்சனை என்னன்னா ரெண்டு சத்தம். ஒண்ணு, பார்க்கிங்ல நின்ன இடத்துல ஸ்டீரிங்க திருப்புனா பாதி சுத்துல 'டொய்ங்'னு ஒரு சத்தம், தம்புரா கம்பிய சுண்டிவிட்ட மாதிரி. திரும்ப நேரா கொண்டு வந்தா இன்னொரு தடவ. பேசஞ்சர் பக்கம்னு தோணுது. ரெண்டாவது, எங்க ஃபார்லிம் தாமான் (குடியிருப்பு) ரோட்ல இருக்குற பொங்கோல் மேல மெதுவா ஏறி இறங்கும்போது 'டக்'னு ஒரு அடி, இது டிரைவர் பக்கம்னு நினைக்கிறேன், ஏறும்போது இல்ல, இறங்கும்போதுதான். பினாங்குப் பாலத்துல போனா ஒண்ணும் கேக்கல.

போன வருஷம் முன்னாடி ரெண்டு அப்சோர்பரும் (குலுக்கல அடக்குற ஷாக்) மாத்துனோம். நேத்து ஒரு வொர்க்‌ஷாப்ல காட்டுனேன், ஃபோர்மன் காடிய ஒரு அமுக்கு அமுக்குனாரு, கீழ குனிஞ்சுகூட பாக்கல, 'ரேக் (ஸ்டீரிங்க சக்கரத்தோட இணைக்கிற பாகம்), லோவர் ஆர்ம் (சக்கரத்த கீழ புடிச்சிருக்குற கை) ரெண்டு பக்கம், அப்சோர்பர் மறுபடியும், எல்லாம் சேத்து 1,400 வெள்ளி (ரிங்கிட்)'ன்னுட்டாரு. காடி விலையே அவ்ளோ வருமான்னு தெரியல. அப்பாகிட்ட சொன்னா 'எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, உனக்குத்தான் காது சரியில்ல'ன்றாரு. ரேடியோவ ஃபுல்லா வச்சிட்டு ஓட்டுறவருக்கு என்னா கேக்கப்போவுது.

யாராச்சும் சொல்லுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?


கன்சில்_காளை | பிறை | ஞாயிறு இரவு

அப்சோர்பர் போச்சு. மாத்திடு ப்ரோ. சீப்பா வாங்கிருப்பீங்க.


டாக்ஸி_தாத்தா | ஜெலுத்தோங் | திங்கள் காலை

காளை தம்பி, அப்சோர்பர் மாத்தி ஒரு வருஷந்தான் ஆவுதுன்னு அவரே எழுதியிருக்காரு, படிச்சிட்டு பதில் போடு ராசா. அப்சோர்பர் செத்தா சத்தத்துக்கு முன்னாடி ஆட்டம் தெரியும், காடி பள்ளத்துல விழுந்துட்டு கப்பல் மாதிரி ரெண்டு மூணு தடவ ஆடும், எண்ணெ ஒழுகி ராட் பக்கம் ஈரமா அழுக்கு ஒட்டியிருக்கும். நின்ன காடில ஸ்டீரிங் திருப்புனா அப்சோர்பருக்கு அங்க என்ன வேலை?

மவனே, நான் முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டுனவன், மொத சாகா, அப்புறம் ஈஸ்வரா, அப்புறம் வீரா. நீங்க சொல்றது ரெண்டு வேற வேற நோய். ஒரே மருந்து போட்டா ஒண்ணுதான் தீரும், இன்னொண்ணு அப்படியே இருக்கும், நீங்களும் 'மாத்தியும் சரியாவல'ன்னு திரும்ப வந்து நிப்பீங்க. வொர்க்‌ஷாப்காரன் அள்ளி எழுதுறதே அதனாலதான், எல்லாத்தையும் மாத்துனா எதோ ஒண்ணுல பட்டுடும்ல.

மொதல்ல இதுக்கு பதில் சொல்லுங்க. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஸ்டீரிங் திருப்புனாலும் டொய்ங் வருதா (கனமாத்தான் இருக்கும், ரெண்டு கையால திருப்புங்க)? முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் ஜேக்ல தூக்கி, ஸ்டாண்டு வச்சிட்டு திருப்புனா வருதா? அந்த டக், பிரேக்க மிதிச்சுக்கிட்டே பொங்கோல் ஏறி இறங்குனாலும் வருதா, இல்ல மாறுதா?


கெப்போங்_ராணி | கெப்போங், கேஎல் | திங்கள் மதியம்

எனக்கும் இதே மாதிரி வாஜாவுல வந்துச்சு, 2003 வாஜா. என் கதைய கேளுங்க. திருப்பும்போது சத்தம்னு சொன்னேன், உடனே 'டிரைவ் ஷாஃப்ட்'னு (எஞ்சின் சக்திய சக்கரத்துக்கு கொண்டு போற தண்டு) சொல்லி ரெண்டு பக்கமும் மாத்த வச்சாங்க, சத்தம் போகல. அப்புறந்தான் புரிஞ்சுது, டிரைவ் ஷாஃப்ட் சத்தம்னா காடி ஓடணும், ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சி எண்ணெய (ஆக்ஸிலரேட்டர) மிதிச்சா 'டக்டக்டக்டக்'னு சக்கரம் சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி வரும், வேகம் கூடுனா சத்தமும் நெருங்கி வரும். நின்ன இடத்துல ஒரே ஒரு 'டொய்ங்'னா அது டிரைவ் ஷாஃப்ட்டே இல்ல. இத யாராச்சும் அப்பவே சொல்லியிருந்தா எனக்கு 400 வெள்ளி மிச்சம்.

கடைசில என்னோடது அப்சோர்பர் மேல் மவுண்டிங். வீராவுலயும் அதே மாதிரிதான் இருக்கும்னு நினைக்கிறேன், பெரியவங்க சொல்லுங்க.


பழைய_ஸ்பானர் | பட்டர்வொர்த் | திங்கள் இரவு

ராணி சொன்னது சரி. கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், கடைய மூடிட்டு வந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிக்குங்க.

வீரா, சாகா, வாஜா, மைவி, கன்சில் எல்லாத்துக்கும் முன்னாடி மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அதாவது அப்சோர்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூண். அந்தத் தூண் கீழ நக்குள்ல (சக்கரத்த தாங்குற இரும்பு) ரெண்டு போல்ட்ல பிடிச்சிருக்கும், மேல பொனட்ட தூக்குனா ரெண்டு ஓரத்துலயும் ஒரு மேடு தெரியுதே, அதுல மவுண்டிங்ல பிடிச்சிருக்கும். நீங்க ஸ்டீரிங் திருப்புனா சக்கரம் மட்டும் திரும்பல, மொத்தத் தூணும் சேந்து திரும்புது, ஸ்பிரிங்கும் கூடவே திரும்புது. மேல இருக்குற பாடி திரும்பாதுல்ல? அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேரிங் இருக்கு. காடியோட முன்பக்க பாரம் அது மேலதான் உக்காந்திருக்கு, பாரத்தோட சேத்து சுத்தியும் குடுக்கணும், பாவப்பட்ட சாமான்.

இப்ப அந்த பேரிங்ல கிரீஸ் காஞ்சி, மழைத்தண்ணி, மண்ணு எறங்கி, துரு புடிச்சி இறுகிடுச்சுன்னு வைங்க. கீழ் தட்டு திரும்புது, மேல் தட்டு திரும்பமாட்டேங்குது, நடுவுல ஸ்பிரிங் துணி பிழியுற மாதிரி முறுக்கிக்குது. ஒரு அளவுக்கு மேல தாங்காம சடார்னு வழுக்கி பழைய நெலைமைக்கு வரும். அந்த வழுக்குறதுதான் உங்க டொய்ங். ஸ்பிரிங் அங்க ஒரு தப்பும் பண்ணல, வாய் மட்டும் அதோடது.

சக்கரத்த தூக்கிட்டா பாரம் போயிடும், அப்ப இறுகுன பேரிங்கூட ஓரளவு சுத்தும், சத்தம் கொறையும் இல்லன்னா நின்னுடும். தாத்தா கேட்ட ரெண்டாவது கேள்வி அதுக்குத்தான்.

கண்ணால பாக்கணும்னா ஒரு வழி இருக்கு. ஸ்பிரிங்கோட மேல் சுத்துலயும், அதுக்கு மேல இருக்குற தட்டுலயும் ஒரே நேர்கோட்டுல வெள்ள சாக்பீஸால கோடு போடுங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து மெதுவா திருப்பட்டும், நீங்க ஃபோன்ல வீடியோ புடிங்க, டயர் மேல கை விட்டு புடிச்சிட்டு நிக்காதீங்க, ஃபோன எதுலயாச்சும் சாச்சி வைங்க. நல்ல பக்கம் ஸ்பிரிங்கும் தட்டும் சேந்து அமைதியா திரும்பும். கெட்ட பக்கம் நின்னு நின்னு குதிக்கும், கோடு ரெண்டா பிரிஞ்சு போயிருக்கும்.

போன வருஷம் அப்சோர்பர் மாத்தும்போது பழைய மவுண்டிங்கையே திரும்ப போட்டாங்களா? பில் இருந்தா பாருங்க.

இன்னொரு வேலை, ரெண்டு பக்கமும் சக்கரத்தோட நடு மூடியிலேருந்து மேல ஃபெண்டர் ஓரம் வரைக்கும் டேப் வச்சி அளந்துட்டு வாங்க. தரையிலேருந்து அளக்காதீங்க, டயர்ல காத்து ஏத்த எறக்கமா இருந்தா கணக்கு தப்பாயிடும்.


கன்சில்_காளை | பிறை | திங்கள் இரவு

டபிள்யூடி 40 அடிச்சு பாருங்க ப்ரோ, எல்லாம் போயிடும்


பழைய_ஸ்பானர் | பட்டர்வொர்த் | திங்கள் இரவு

போவும் தம்பி, பேரிங்ல மிச்சம் இருக்குற கிரீஸும் சேந்து போவும். அந்த ஸ்ப்ரே கிரீஸ கழுவி எடுத்துடும், ஒரு வாரம் சத்தம் இருக்காது, அப்புறம் முன்ன விட மோசமா வரும். புஷ் ரப்பர்லயும் (ஆர்ம் மூட்டுல இருக்குற ரப்பர்) எண்ணெய் வகை எதையும் அடிக்கக்கூடாது, ரப்பர் ஊதிப்போயிடும். 'கீச்சு கீச்சு'ன்னு கேட்டு எந்த ரப்பர்னு கண்டுபுடிக்கணும்னா வெறும் தண்ணிய ஒரு பாட்டில்ல ஊத்தி ஒவ்வொரு புஷ்லயா பீச்சி பாருங்க, எதுல ஊத்துனதும் சத்தம் நிக்குதோ அதுதான் ஆளு. செலவு இல்ல.


வீரா_மவன் | ஆயர் ஈத்தாம் | புதன் இரவு

ஸாரி, ரெண்டு நாளா வேலை. எல்லாம் பண்ணி பாத்துட்டேன், தங்கச்சிய உள்ள உக்கார வச்சி.

எஞ்சின் ஆஃப்ல: வருது. அப்ப பம்ப்பு, பெல்ட்டு எதுவும் இல்லன்னு ஆயிடுச்சு.
தூக்கிட்டு: வரல! ஒரு தடவ லேசா 'டிக்'னு வந்துச்சு, அவ்ளோதான்.
சாக்பீஸ் கோடு: பேசஞ்சர் பக்கம் கோடு ரெண்டு விரல் அகலம் பிரிஞ்சு போயிடுச்சு அண்ணே, வீடியோவுல ஸ்பிரிங் குதிக்கிறது அப்படியே தெரியுது. தங்கச்சி 'பேய் புடிச்ச மாதிரி இருக்கு'ன்னா. டிரைவர் பக்கம் அழகா திரும்புது.
பில்: அப்சோர்பர் 2, லேபர். மவுண்டிங் இல்ல. பழசையே போட்டிருக்காங்க.
பிரேக்க மிதிச்சுக்கிட்டு பொங்கோல்: டக் அப்படியேதான் இருக்கு, மாறல.
அளவு: பேசஞ்சர் பக்கம் 38 செமீ, டிரைவர் பக்கம் 36 அரை. டேப் சரியா புடிக்கலன்னு நெனச்சி மூணு தடவ அளந்தேன், அதேதான்.

டிரைவர் பக்கம் தாழ்ந்து இருக்கறதுக்கு அப்பா சொல்ற விளக்கம்: 'இருபத்தஞ்சு வருஷமா நான் அந்தப் பக்கந்தானே உக்காந்திருக்கேன்'.


டாக்ஸி_தாத்தா | ஜெலுத்தோங் | புதன் இரவு

அப்பா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, டாக்ஸில நாங்களும் அப்படித்தான் சாஞ்சே ஓட்டுவோம். ஆனா ஒன்றரை செமீ ஆள் பாரத்துல மட்டும் வராது மவனே.

பிரேக் மிதிச்சும் மாறலன்னா பிரேக் கேலிப்பர், பேட் ஆடுற சத்தம் இல்ல. அடுத்து ஸ்டெபிலைசர் லிங்க்க பாருங்க, காடி சாயாம ரெண்டு பக்கத்தையும் சேக்குற கம்பியோட இணைப்பு. அது சின்னச் சின்ன கல்லு ரோட்ல, ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்குனா 'லொடக் லொடக்'னு அடிக்கும். ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுற பொங்கோல்ல அவ்ளோவா அடிக்காது, ஏன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறுனா கம்பி முறுக்காது. சந்தேகம் தீரணும்னா ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி கம்பிய ஓரமா கட்டிட்டு தாமானுக்குள்ளயே மெதுவா ஒரு ரவுண்டு போங்க, பாயா தெருபோங் மேட்டு வளைவுக்கு அப்படியே போயிடாதீங்க, காடி ரொம்ப சாயும்.


மெர்க்_மாமா | பெட்டாலிங் ஜெயா | வியாழன் காலை

நடுவுல பூந்துக்குறேன். என்கிட்ட இருக்கறது மெர்சிடிஸ் டபிள்யூ124. இதுல ஸ்பிரிங் தனியா கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கும், டேம்பர் (அப்சோர்பர்) தனி தூண். ஸ்டீரிங் திருப்புனா ஸ்பிரிங் திரும்பாது, அதனால இந்த டொய்ங் வியாதி எங்களுக்கு இல்ல. எங்க வியாதி ஸ்பிரிங் மேல இருக்குற ரப்பர் பேட், அது நசுங்கி கிழிஞ்சா இரும்பு இரும்புல உரசி முனகும். அந்த பேட்ல சின்னச் சின்ன புடைப்பு இருக்கும், எத்தன புடைப்போ அதுக்கேத்த தடிமன், ஒரு பக்கம் தாழ்ந்தா மொதல்ல அத பாப்பாங்க. வீராவுலயும் ஒன்றரை செமீ வித்தியாசம்னா ஸ்பிரிங்குக்கு மேலயோ கீழயோ எதோ காணாம போயிருக்கு. என் ஊகம் அவ்ளோதான்.


பொறியியல்_புள்ள | செத்தாப்பாக், கேஎல் | வியாழன் மாலை

காணாம போனது ஸ்பிரிங்கேவா இருந்தா?

அதாவது அடிச் சுத்து ஒடைஞ்சிருந்தா. ஸ்பிரிங்கோட விறைப்பு கம்பி தடிமனோட நாலாம் அடுக்குக்கு ஏத்தபடி மாறும், சுத்தோட விட்டத்தோட மூணாம் அடுக்குக்கும், வேலை செய்யற சுத்து எண்ணிக்கைக்கும் எதிரா மாறும். 12 மிமீ கம்பி துருவுல கரைஞ்சு 11.4 ஆனாலே, அஞ்சு சதவீதந்தான் மெலிஞ்சிருக்கு, ஆனா விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல கொறைஞ்சிடும். நெசத்துல முழு கம்பியும் ஒரே மாதிரி மெலியாது, பெயிண்ட் உரிஞ்ச ஒரு எடத்துல குழி விழும், அந்தக் குழியிலதான் விரிசல் தொடங்கும்.

மத்தவங்களுக்கும் ஒண்ணு, காடி தாழ்வா இருக்கணும்னு ஸ்பிரிங்க வெட்டுறீங்களே, ஆறு சுத்துல ஒண்ண வெட்டுனா அஞ்சு, விறைப்பு 20 சதவீதம் கூடிடும். காடி மட்டும் எறங்கல, ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகெலும்புக்கு வரும். வெட்டுன ஸ்பிரிங் நீளம் பத்தாம, சக்கரம் தொங்கும்போது எடத்த விட்டு லூஸா ஆடும், திரும்ப பாரம் வரும்போது 'டக்'னு போய் உக்காரும்.


கன்சில்_காளை | பிறை | வியாழன் இரவு

எதுக்கு என்னைய பாத்து சொல்ற மாதிரி இருக்கு. ஒரு சுத்துதான் வெட்டுனேன்.


பொறியியல்_புள்ள | செத்தாப்பாக், கேஎல் | வியாழன் இரவு

ஹாஹா, பேர பாத்துதான் சொன்னேன்னு வச்சிக்குங்க. கன்சில் ஏற்கனவே குட்டி ப்ரோ, அத இன்னும் எங்க எறக்குறது.


பழைய_ஸ்பானர் | பட்டர்வொர்த் | வியாழன் இரவு

புள்ள சொல்றது சரியா இருக்கும்னு எனக்கும் படுது. 'இறங்கும்போதுதான் டக்'னு மவன் மொத நாளே எழுதியிருந்தாரு, நான் கவனிக்காம விட்டுட்டேன். ஏறும்போது ஸ்பிரிங் நசுங்குது, எல்லாம் இறுக்கமா இருக்கும். தாண்டி இறங்கும்போது சக்கரம் ஒரு நிமிஷம் தொங்கும், அப்ப ஸ்பிரிங் விரிஞ்சு லூஸாவும், எது சரியா உக்காராம இருக்கோ அது அங்க நகரும். பாலத்துல கேக்காததும் அதான், அங்க சின்ன சின்ன இணைப்புதானே, சக்கரம் தொங்குற அளவுக்கு எறக்கம் இல்ல.

வெளியிலேருந்து பாத்தா ஒடைஞ்சது தெரியாது மவனே. கீழ் தட்டு ஒரு கிண்ணம் மாதிரி, அதுல மண்ணு சேந்திருக்கும். சுத்து அந்த மண்ணுக்குள்ளதான் புதைஞ்சு கிடக்கும், தண்ணி நிக்கும், நம்ம ஊரு கடல் காத்து வேற. டார்ச் அடிச்சி, தண்ணி பீச்சி கழுவிட்டு, ஸ்பிரிங்கோட நுனி எங்க முடியுதுன்னு தேடுங்க. கிண்ணத்துல ஒரு படி மாதிரி தடுப்பு இருக்கும், ஸ்பிரிங் நுனி அதுல முட்டிக்கிட்டு நிக்கணும். அங்க நுனியே இல்லன்னா ஒடைஞ்சது. நுனி இருக்கு ஆனா தடுப்ப விட்டு ரெண்டு விரல் தள்ளி இருக்குன்னா, போன வருஷம் மாட்டுனவன் அவசரத்துல மாட்டியிருக்கான்.

ஒடைஞ்சிருந்தா ஹைவேயில ஓட்டாதீங்க. ஒடைஞ்ச நுனி கத்தி மாதிரி இருக்கும், அடுத்த சுத்து நழுவி வெளிய வந்தா டயர் பக்கவாட்டுலதான் போய் குத்தும்.


வீரா_மவன் | ஆயர் ஈத்தாம் | வெள்ளி இரவு

நுனி இல்ல.

நாளைக்கு பழைய ஸ்பானர் அண்ணே சொன்ன எடத்துக்கு (பிஎம்ல, தனி மெசேஜ்ல பேசிக்கிட்டோம்) கொண்டு போறேன். பாலத்துல வேண்டாம்னு டோ லோரி சொல்லிட்டேன். அப்பா முறைக்கிறாரு, 'ஓடுற காடிய லோரில ஏத்துற ஒரே ஆளு நீதான்டா'ன்னு.


கெப்போங்_ராணி | கெப்போங், கேஎல் | வெள்ளி இரவு

லோரி காசு போனாலும் பரவால்ல, நல்ல வேலை செஞ்சீங்க. ஒண்ணு மட்டும், நீங்களே வீட்ல கழட்டலாம்னு ஆசப்படாதீங்க. யூடியூப்ல பாத்தா ரெண்டு நிமிஷ வேலை மாதிரி இருக்கும்.


பழைய_ஸ்பானர் | பட்டர்வொர்த் | வெள்ளி இரவு

ராணி சொன்னத பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும். மேல் மவுண்டிங்க பாடியோட பிடிச்சிருக்குற சுத்து நட்டுங்க வேற, நடுவுல இருக்குற பெரிய நட்டு வேற. நடு நட்டுதான் அமுங்கிக் கிடக்குற ஸ்பிரிங்க புடிச்சிட்டு இருக்கு. ஸ்பிரிங் கம்ப்ரெஸர் போட்டு சுருக்காம அத கழட்டுனா மவுண்டிங் பீரங்கி குண்டு மாதிரி பறக்கும். நான் வேலை கத்துக்கிட்ட எடத்துல, பேரு வேண்டாம், ஒரு பையன் சரியா மாட்டாத கம்ப்ரெஸரோட கழட்டி, மவுண்டிங் கூரை சிங்க்ல (தகரத்துல) அடிச்சி ஓட்ட போட்டுச்சு. அவன் தல அப்ப அந்தப் பக்கம் குனிஞ்சிருக்கல, அவ்ளோதான் வித்தியாசம். மழை பேஞ்சா அந்த ஓட்டைல ஒழுகும், தவுக்கே (முதலாளி) கடைசி வரைக்கும் அத அடைக்கவே இல்ல, புதுசா வர்ற பையனுக்கெல்லாம் மேல பாருன்னு காட்டுவாரு.


வீரா_மவன் | ஆயர் ஈத்தாம் | சனி இரவு

முடிஞ்சுது. பொறுமையா எழுதுறேன், காலைலேருந்து அங்கதான் நின்னேன்.

மொதல்ல டிரைவர் பக்கம். தூண கழட்டி கீழ வச்சி, ஸ்பிரிங்க சுருக்கி எடுத்தாங்க. கிண்ணத்துல காஞ்ச சேறு, அத ஸ்க்ரூட்ரைவரால நோண்டுனா உள்ளேருந்து ஒரு வளைஞ்ச இரும்புத் துண்டு, என் நடுவிரல் நீளம் இருக்கும், சாவி மாதிரி டங்குனு தரையில விழுந்துச்சு. அத வீட்டுக்கு கொண்டு வந்துட்டேன், இப்ப டைப் பண்ணும்போது மேசையில இருக்கு. ஒடைஞ்ச மொகத்த பாத்தா முக்கால்வாசி கறுப்பு கலந்த பழுப்பு, பழைய துரு. ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி கொஞ்சம் சாம்பல் நிறத்துல சொரசொரன்னு இருக்கு, அதுலயும் லேசா துரு ஏற ஆரம்பிச்சிருக்கு. அங்க இருந்த அண்ணன் சொன்னாரு, பழுப்பு எடம் மாசக்கணக்கா மெதுவா விரிசல் விட்டது, அந்தப் பிறைதான் கடைசியா ஒரே அடில ஒடைஞ்சது, அது நடந்து ரொம்ப நாள் ஆயிருக்காதுன்னு. எந்தப் பொங்கோல்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.

அப்புறம் பேசஞ்சர் பக்கம். மவுண்டிங்க கழட்டி பேரிங்க கையில குடுத்தாரு, 'சுத்து பாப்போம்'னாரு. சுத்தல. ரெண்டு கையாலயும் முறுக்குனேன், 'கரகர'ன்னு கொஞ்சம் நகந்து நின்னுடுச்சு, உள்ளேருந்து மிளகாத்தூள் மாதிரி செவப்பா துரு கொட்டுச்சு. ஸ்பிரிங்கோட மேல் சுத்துல பெயிண்ட் தேஞ்சு பளபளன்னு ஒரு தடம், ஒவ்வொரு தடவையும் குதிச்சு குதிச்சு உரசுன எடம் போல.


டாக்ஸி_தாத்தா | ஜெலுத்தோங் | சனி இரவு

துண்ட தூக்கிப்போடாதீங்க. 1,400 வெள்ளி சொன்ன ஃபோர்மன்கிட்ட கொண்டு போய் காட்டுங்க. சண்ட போட இல்ல, சும்மா அவரு மூஞ்ச பாக்க.

ஸ்பிரிங் புதுசா, ஹாஃப் கட்டா (பழைய காடிலேருந்து எடுத்த சாமானா)? ஒரு பக்கம் மட்டும் போட்டீங்களா?


வீரா_மவன் | ஆயர் ஈத்தாம் | ஞாயிறு காலை

ரெண்டு பக்கமும் புதுசு தாத்தா. ஒண்ணு மட்டும் மாத்தலாம்னு நான் கேட்டேன், அந்த அண்ணன் ரெண்டு பழைய ஸ்பிரிங்கையும் தரையில நிக்க வச்சாரு, நல்ல பக்கத்து ஸ்பிரிங்கே புதுசு உயரத்துக்கு வரல, அதுலயும் அடிச் சுத்துல குழி விழுந்திருக்கு. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசு போட்டா காடி மறுபடியும் கோணலாத்தான் நிக்கும், பழசும் சீக்கிரம் ஒடையும்னாரு. ஹாஃப் கட்ல தேடுனா கெடைக்கும், ஆனா அதோட வயசும் நம்ம காடி வயசுதானேன்னு சொன்னதும் நான் வாய மூடிக்கிட்டேன்.

மொத்தம்: ஸ்பிரிங் ஜோடி 220, மவுண்டிங் பேரிங்கோட ரெண்டு பக்கம் 110, ஸ்பிரிங் ரப்பர், தூசி மூடி எல்லாம் 50, லேபர் 120, அலைன்மென்ட் 40. ஆக 540 வெள்ளி. லோரி தனி. ரேக், லோவர் ஆர்ம் ரெண்டையும் ஆட்டி பாத்து நல்லா இருக்கு, மாத்த வேணாம்னுட்டாரு, போன வருஷத்து அப்சோர்பரும் நல்லாத்தான் இருக்காம்.


பொறியியல்_புள்ள | செத்தாப்பாக், கேஎல் | ஞாயிறு காலை

சூப்பர். அலைன்மென்ட் பண்ணது முக்கியம், நக்குள்ல அந்த ரெண்டு போல்ட்ட கழட்டுனாலே கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) நகரும், உயரம் மாறுனா டோவும் (சக்கரம் உள்ளயோ வெளியவோ பாக்குற கோணம்) மாறும், சும்மா விட்டா டயர் ஒரு ஓரம் மட்டும் தேயும். புது ஸ்பிரிங் கொஞ்ச நாள்ல ஒரு சின்ன அளவு இறங்கி செட்டாகும், ரெண்டு வாரம் கழிச்சு அதே டேப்ப வச்சி அளந்து போடுங்க.


வீரா_மவன் | ஆயர் ஈத்தாம் | ரெண்டு வாரம் கழிச்சு

அளந்தாச்சு. பேசஞ்சர் 39, டிரைவர் 38.8. டொய்ங் இல்ல, டக் இல்ல. மொத நாலு நாள் மட்டும் டிரைவர் பக்கம் 'கீச்'னு ஒண்ணு இருந்துச்சு, தண்ணி பாட்டில் வித்தைய போட்டேன், லோவர் ஆர்ம் பின் புஷ். திரும்ப கொண்டு போனா, சாமான் ஒண்ணும் மாத்தல, காடிய தரையில நிக்க வச்சி பாரத்தோட அந்த போல்ட்ட லூஸ் பண்ணி மறுபடி இறுக்குனாரு, நின்னுடுச்சு. சக்கரம் தொங்கும்போதே இறுக்கிட்டா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்குமாம், சீக்கிரம் கிழிஞ்சும் போவுமாம். அன்னைக்கு வேலை முடியற அவசரத்துல பையன் காடி மேல தூக்கி இருக்கும்போதே இறுக்கிட்டான்னு அவரே ஒத்துக்கிட்டாரு, காசு வாங்கல.

நேத்து அப்பாவே ஓட்டுனாரு, பட்டர்வொர்த்துல அத்தை வீட்டுக்கு. பாலத்துல பாதி தூரம் போனதும் கையை நீட்டி ரேடியோவ கொறைச்சாரு. 'ஏன்டா இவ்ளோ சத்தமா வச்சிருக்க'ன்னு என்னைய கேட்டாரு.


கன்சில்_காளை | பிறை | ரெண்டு வாரம் கழிச்சு

வாழ்த்துகள் ப்ரோ. ஸ்பானர் அண்ணே, கன்சிலுக்கு வெட்டாத ஒரிஜினல் ஸ்பிரிங் எங்க கெடைக்கும்? பிஎம் பண்ணுங்க, இங்க வேணாம்.